ஒரு தையல், ஒன்பது தையல்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள், காசிமேட்டுப் பையன்கள், துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை செய்யும் ஒன்றிரண்டு அண்ணன்கள், அப்புறம் பத்தாவது பன்னிரண்டாவது பிள்ளைகள் என்று கலந்துதான் வருவார்கள். எங்கேயாவது "எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்" என்ற வரியைப் பார்த்துவிட்டு வந்து, வருஷா வருஷம் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதிவிட்டேன்.

கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். கீழே முன்னறையில் என் அத்தை தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார், மாடிப் படியில் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும், அதனால் சில பதில்கள் அவருடையவை.

மிஸ், இதுக்கு நேர் அர்த்தம் இன்னா?

துணியில் ஒரு இடத்தில் தையல் விட்டிருக்கிறது. பார்த்தவுடன், அது மேலே ஓடுவதற்குள், ஒரு தையல் போட்டுவிட்டால் பின்னால் ஒன்பது தையல் போடும் வேலை மிச்சம். நேர் அர்த்தம் அவ்வளவுதான்.

பேச்சில் இதைத் துணிக்காக யாரும் சொல்வதில்லை. குழாய் சொட்டுவது, பைக்கில் புதுசாக ஒரு சத்தம், கணக்கில் ஐம்பது ரூபாய் உதைப்பது, இரண்டு நண்பர்களுக்குள் முகம் கொடுக்காமல் போனது, இப்படி ஒரு சின்னக் கோளாறைச் சின்னதாக இருக்கும்போதே சரி செய்துவிடு, விட்டால் பெரிய செலவு வைக்கும் என்று சொல்லத்தான் பயன்படுத்துகிறார்கள்.

'சேவ்ஸ் நைன்'னா ஒம்போது பேரைக் காப்பாத்தும்னு தானே அர்த்தம்?

இந்தப் பழமொழியில் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிற இடம் இதுதான், வெட்கப்பட ஒன்றுமில்லை. 'சேவ்' என்றவுடன் நமக்கு ஆம்புலன்ஸ் நினைவுக்கு வந்துவிடுகிறது. அந்த வார்த்தைக்குக் காப்பாற்றுவது என்றும் பொருள் உண்டு, மிச்சம் பிடிப்பது என்றும் பொருள் உண்டு. பேங்கில் 'சேவிங்ஸ்' அக்கவுண்ட் என்கிறோமே, அங்கே யாரையும் காப்பாற்றுவதில்லை, பணத்தை மிச்சம் பிடிக்கிறோம். இங்கேயும் அந்த 'சேவ்'தான்.

அடுத்து, 'நைன்' என்று சொல்லிவிட்டு என்ன ஒன்பது என்று சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். ஒன்பது ஸ்டிட்சஸ். ஏற்கெனவே ஸ்டிட்ச் என்று சொல்லியாகிவிட்டதால் மறுபடி சொல்லவில்லை. "ஒரு இட்லி போதும்னேன், நாலு வெச்சிட்டாங்க" என்று நாம் சொல்லும்போது நாலு என்ன என்று யாராவது கேட்பார்களா?

ஏன் ஒம்போது? எட்டோ பத்தோ ஆகாதா?

யாரும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதவில்லை. காதுக்காக வந்த எண் அது. 'டைம்', 'நைன்' இரண்டையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். இரண்டிலும் நடுவில் ஐ ஓசை, கடைசியில் ஒன்றில் ம், இன்னொன்றில் ன். முழுசாகப் பொருந்தும் இயைபு இல்லை, கிட்டத்தட்ட. ஆங்கிலத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள், எய்ட் ஒட்டாது, டென் ஒட்டாது. நைன் மட்டும்தான் டைமோடு ஒட்டும். நாம் "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்று சொல்வதிலும் பாதி ருசி முந்து பிந்துவில்தானே இருக்கிறது.

இன்னொன்று, ஆங்கிலத்தில் ஒன்பது மேல் ஒரு பிரியம் உண்டு. பூனைக்கு ஒன்பது உயிர் என்பார்கள், கொஞ்ச நாள் பரபரப்பாகப் பேசப்பட்டு மறந்துபோகும் விஷயத்தை 'நைன் டேஸ் வொண்டர்' என்பார்கள். நமக்கு நாலு மாதிரி. "நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க" என்றால் எந்த நாலு பேர் என்று யாரும் விலாசம் கேட்பதில்லை.

இதை யார் எழுதுனது? ஷேக்ஸ்பியரா?

எது பழசாக இருந்தாலும் ஷேக்ஸ்பியர் தலையில் கட்டுவது ஒரு வழக்கம். இல்லை. 1732-ல் தாமஸ் ஃபுல்லர் என்ற ஆங்கிலேய மருத்துவர் வெளியிட்ட பெரிய பழமொழித் தொகுப்பில் இது அச்சாகியிருக்கிறது. அவர் தொகுத்தவர், அவரே கட்டியது என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பே ஜனங்கள் வாயில் இருந்திருக்க வேண்டும், பழமொழி என்றால் அப்படித்தானே. அதே பெயரில் அவருக்கு முன்னால் இன்னொரு தாமஸ் ஃபுல்லர் இருந்தார், பாதிரியார், எழுத்தாளர், பிரபலமானவர், ஆனால் 1661-லேயே இறந்துவிட்டார். இணையத்தில் பல இடங்களில் இரண்டு பேரையும் போட்டுக் குழப்பி வைத்திருக்கிறார்கள், கவனம்.

எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. ஃபுல்லர் புத்தகத்தில் "மே சேவ் நைன்" என்றுதான் இருக்கிறது. அதாவது ஒன்பதை மிச்சப்படுத்த*லாம்*. அப்புறம் ஊர் வாயில் உருண்டு அந்த 'மே' தேய்ந்து "சேவ்ஸ்" என்று அடித்துச் சொல்கிற மாதிரி ஆகிவிட்டது. பழையவர் கொஞ்சம் ஜாக்கிரதையான ஆள்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். சிங்கர் தன் தையல் மிஷினுக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1851-ல். அதனால் இந்தப் பழமொழியில் இருப்பது மிஷின் தையல் கிடையாது, ஊசியைக் குத்திக் குத்தி எடுக்கும் கைத்தையல். ஒன்பது கைத்தையல் என்றால் கண்ணுக்கும் விரலுக்கும் வேலை.

'இன் டைம்', 'ஆன் டைம்' ரெண்டும் ஒண்ணுதானே, இன்னாத்துக்கு ரெண்டு?

ஒன்றில்லை. என் தாத்தா பெரம்பூர் பின்னி மில்லில் இருந்தவர், 1996-ல் மூடினார்களே, அந்த மில். அவர் காலத்துக் கதையை வைத்தே சொல்கிறேன். சங்கு ஊதும் நிமிஷத்துக்குச் சரியாக மெஷின் முன்னால் நிற்பது 'ஆன் டைம்'. கேட் சாத்துவதற்குள் எப்படியோ உள்ளே நுழைந்துவிடுவது 'இன் டைம்'. முதலாவதில் குறித்த நேரம் முக்கியம். இரண்டாவதில் ஏதோ ஒன்று கைமீறிப் போவதற்கு முன்னால் என்பது முக்கியம். ரயில் ஆன் டைமில் வரும். கொருக்குப்பேட்டையில் கேட் போட்டு, நீங்கள் குறுக்கே மாட்டி, இறங்கி ஓடி, அந்த ரயில் கிளம்புவதற்குள் ஏறிவிட்டால் நீங்கள் இன் டைம்.

பழமொழியில் 'இன் டைம்' என்று இருப்பது இதனால்தான். தையல் போட மணி எட்டு என்று யாரும் குறித்துக் கொடுக்கவில்லை. கிழிசல் ஓடுவதற்குள் போட வேண்டும், அவ்வளவே. நான் வகுப்பில் 'நேரத்தோடு' என்று மொழிபெயர்க்கச் சொல்வேன். "நேரத்தோட வூட்டுக்கு வா" என்று அம்மா சொல்லும்போது உள்ள அதே நேரத்தோடு.

'இன் டைம்'க்கு வேறு இரண்டு வேலையும் உண்டு. "யூ வில் லேர்ன் இன் டைம்" என்றால் போகப் போகக் கற்றுக்கொள்வாய். பாட்டில் 'இன் டைம்' என்றால் தாளம் தப்பாமல். கானா பாடுகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கவே தேவையில்லை.

'நிக் ஆஃப் டைம்'னு ஒண்ணு வருதே, அதுவும் இதுதானா?

பக்கத்து வீடு. 'நிக்' என்றால் கட்டையில் கத்தியால் போடும் சின்ன வெட்டுக்குறி. 'இன் தி நிக் ஆஃப் டைம்' என்றால் அந்தக் கோட்டைத் தொடும் கணத்தில், மயிரிழையில். இன் டைம் என்பதில் இருக்கிற நிதானம் இதில் கிடையாது. பஸ் கதவு மூடும்போது காலை உள்ளே வைத்தால் நிக் ஆஃப் டைம். தையல் பழமொழியில் யாரும் மயிரிழையில் தப்பவில்லை, நாலு நாள் முன்னாலேயே வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

எங்க ஸ்கூல்ல இதுக்கு 'பருவத்தே பயிர் செய்'னு எழுதச் சொன்னாங்க. கரெக்டா மிஸ்?

மார்க் வாங்க அதையே எழுதுங்கள், சண்டை போடாதீர்கள். ஆனால் பொருத்தம் பாதிதான். ஔவை சொல்வது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காலம் உண்டு, அதில் செய். அங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை, கிழியவில்லை. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்றும் சிலர் எழுதுகிறார்கள், அது இன்னும் தூரம், அது வாய்ப்பை விடாதே என்கிற விஷயம்.

இந்த ஆங்கிலப் பழமொழிக்கு ஒரு கிழிசல் வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் இன்னும் சின்னதாக இருக்கிற கிழிசல். அப்படிப் பார்த்தால் தமிழில் ரொம்பக் கிட்டே நிற்பது "நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலியால் வெட்டும்படி விடாதே" என்பது. அதே கணக்கு: இப்போது நகம், விட்டால் கோடாலி. வள்ளுவரும் இதையே 879-வது குறளில் சொல்லிவிட்டார்:

இளைதாக முள்மரம் கொல்க களையுநர்
கைகொல்லும் காழ்த்த இடத்து.

முள்மரத்தைக் கன்றாக இருக்கும்போதே வெட்டு, முற்றினால் வெட்டுகிறவன் கையையே அது வெட்டும். அது பகையைப் பற்றிய அதிகாரத்தில் வருகிறது, ஆனாலும் கருத்து அச்சாகப் பொருந்தும். சொல்லப்போனால் குறள் ஒரு படி மேல். ஆங்கிலத்தில் வேலைதான் ஒன்பது மடங்காகிறது, இங்கே கையே போகிறது.

வெள்ளம் வரதுக்கு முன்னாடி அணை போடுன்னு சொல்றோமே, அதுவும் இதானே?

மேலே சொன்ன கிழிசல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். அணை போடும்போது வெள்ளம் இன்னும் வரவில்லை. ஒன்றுமே ஆகாதபோது தடுப்பது வேறு, ஆனது சின்னதாக இருக்கும்போதே அடைப்பது வேறு. ஐப்பசி மழைக்கு முன்னால் கால்வாய் தூர்வாருவது முதல் வகை. மழை ஆரம்பித்து, வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும்போதே மோட்டார் வைத்து இறைத்துவிட்டால் அது தையல். பஸ் மூழ்கும் அளவுக்கு விட்டுவிட்டு இறைத்தால் அது ஒன்பது தையல்.

முதல் வகைக்கு ஆங்கிலத்தில் வேறு பழமொழி இருக்கிறது. ஒரு அவுன்ஸ் தடுப்பு ஒரு பவுண்ட் வைத்தியத்துக்குச் சமம் என்பது. அதை பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1735-ல் எழுதினார், ஃபுல்லர் புத்தகம் வந்து மூன்று வருஷத்தில். வைத்தியம் என்று வருவதால் அதை உடம்பைப் பற்றியது என்று நினைக்கிறோம். அவர் எழுதியது ஃபிலடெல்ஃபியா ஊரில் வீடுகள் தீப்பிடிப்பதைப் பற்றி. நம் ஆளும் வருமுன் காப்பதற்குத் தீயைத்தான் எடுத்தார், 435-வது குறள்: வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும். வைத்தூறு என்றால் வைக்கோல் போர். இரண்டு பேருக்கும் இடையில் எத்தனையோ நூற்றாண்டு, ஆனால் பயம் ஒரே பயம்.

நெஜமாவே ஒரு தையல் ஒம்போதை மிச்சம் பிடிக்குமா, இல்ல சும்மா சொல்றாங்களா?

இதற்கு அத்தையைத்தான் கேட்டேன். "எந்தத் தையல்னு சொல்லு" என்றார். மிஷினில் போடும் சாதாரணத் தையலில் மேல் நூலும் பாபின் நூலும் ஒவ்வொரு குத்திலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். அதனால் ஒரு இடத்தில் அறுந்தால் உடனே சரசரவென்று ஓடாது. ஆனால் அறுந்த இடத்தின் இழுவையைப் பக்கத்துத் தையல் தாங்க வேண்டியிருக்கிறது, அது களைத்தால் அதற்கடுத்தது. அக்குளில் விட்டால் இரண்டு தடவை கை தூக்கினால் போதும், ஒன்பது என்ன, பதினெட்டும் போகும். பாவாடை ஓரத்தில் விட்டால் ஆறு மாசம் அப்படியே கிடக்கும் என்றார்.

அரிசி மூட்டை வேறு மாதிரி. அதில் ஒற்றை நூல் சங்கிலி மாதிரி தன்னையே கோத்துக்கொண்டு போகும், சரியான முனையைப் பிடித்து இழுத்தால் மூட்டை முழுக்கத் திறந்துகொள்ளும். கடையில் பையன்கள் கத்தி இல்லாமலே ஒரே இழுப்பில் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரு தையல் ஒன்பதை அல்ல, மூட்டையையே காப்பாற்றும். பனியன் துணியும் கொஞ்சம் அந்த ஜாதிதான், ஒரு கண்ணி விட்டால் ஏணி மாதிரி இறங்கும். ஆக, ஃபுல்லரின் அந்த 'மே' நியாயமானது. ஒன்பது என்பது துணியைப் பொறுத்தது, இடத்தைப் பொறுத்தது, எவ்வளவு இழுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

என் அனுபவம் ஒன்று. போன தீபாவளிக்கு முன் என் கைப்பையின் வாரில் இரண்டு தையல் விட்டிருந்தது. கீழே அத்தை, அவர் முன்னால் மிஷின், நான் தினமும் அந்த மிஷினைத் தாண்டித்தான் போகிறேன். நாளைக்கு, நாளைக்கு என்று பத்து நாள் ஓட்டி, கடைசியில் எம்.சி. ரோடு கூட்டத்தில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது வார் பிய்ந்து, பை தெருவில் விழுந்து, சில்லறை, சாவி, மாணவர்களின் பரீட்சைத் தாள் எல்லாம் சேற்றில். இந்தப் பழமொழியைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன அதே சாயங்காலம்.

காசிமேட்ல தடைக்காலத்துல வலை எல்லாம் சரி பண்றாங்களே, அதை 'ஸ்டிட்ச் இன் டைம்'னு சொல்லலாமா?

கேட்ட பையனின் அப்பா விசைப்படகில் போகிறவர். நானும் முதலில் ஆமாம் என்றுதான் சொன்னேன். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நம் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது, அந்தச் சமயத்தில் படகைக் கரையேற்றி மராமத்து, வலையைப் பிரித்துப்போட்டுப் பின்னுவது எல்லாம் நடக்கும். பார்ப்பதற்கு நல்ல உதாரணமாகத்தான் தெரிகிறது.

அடுத்த வாரம் பையன் வந்து, "அப்பா அது இல்லன்றாரு மிஸ்" என்றான். கடலில் வலை இழுக்கும்போது ஒரு இடத்தில் கண்ணி அறுந்தால் அன்றைக்கே, கரைக்கு வந்து ஐஸ் இறக்குவதற்குள் உட்கார்ந்து கட்டிவிடுவார்களாம். விட்டால் அடுத்த பாட்டில், அதாவது அடுத்த தடவை வலை விடும்போது, பெரிய மீன் அந்த ஓட்டையில் முட்டி ஆள் நுழையும் அளவுக்கு ஆக்கிவிடும். அன்றன்றைக்குக் கட்டுவதுதான் தையல், தடைக்காலத்தில் செய்வது சர்வீஸ், பைக்கை வருஷத்துக்கு ஒரு தடவை கழற்றி மாட்டுகிற மாதிரி. வலை பிடித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், என் பதிலைத் திருத்திக்கொண்டேன்.

இது இடியமா, ப்ராவெர்பா? பரீட்சைல ரெண்டு ஆப்ஷனும் இருந்துச்சு.

ப்ராவெர்ப், அதாவது பழமொழி. முழு வாக்கியம், தனியாக நிற்கும், ஒரு புத்தி சொல்லும். இடியம் என்பது வாக்கியத்துக்குள் ஒட்டவைக்கும் துண்டு, நம் மரபுத்தொடர் மாதிரி. 'இன் தி நிக் ஆஃப் டைம்' இடியம். கேட்கிறவர்கள் சில சமயம் எல்லாவற்றையும் இடியம் என்று ஒரே கூடையில் போடுகிறார்கள், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

சிலர் பாதிதான் சொல்றாங்க, மீதியை முழுங்கிடறாங்க. தப்பா?

தப்பில்லை, அதுதான் இயல்பு. "எ ஸ்டிட்ச் இன் டைம்..." என்று இழுத்து விட்டுவிட்டால் எதிரில் இருப்பவர் மனதில் மீதியைச் சேர்த்துக்கொள்வார். நாம் "ஆழம் தெரியாம..." என்று நிறுத்தினால் காலை விடாதே என்பது சொல்லாமலே வருகிறதல்லவா.

முழுசாகச் சொல்வதென்றால் கடைசி எஸ் ஓசையை முழுங்காதீர்கள். ஒரு ஸ்டிட்ச், ஆகவே 'சேவ்ஸ்'. 'சேவ் நைன்' என்று எழுதினால் மார்க் போகும். "ஃபுல்லர் 'மே சேவ்'னு எழுதினாரே" என்று ஒரு பெண் மடக்கினாள். 'மே' இருந்தால் எஸ் வராது, அவர் சரி, 'மே' இல்லாமல் எழுதிய நீ தப்பு.

ஆபீஸ் மெயில்ல, இன்டர்வியூல எல்லாம் போடலாமா?

மெயிலில் முழுப் பழமொழியையும் எழுதாதீர்கள், ஸ்கூல் கட்டுரை மாதிரி இருக்கும். "லெட்ஸ் ஃபிக்ஸ் திஸ் நௌ, எ ஸ்டிட்ச் இன் டைம்" என்று பாதியில் விட்டால் அழகு. இன்டர்வியூவில் உங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னால் பழமொழி வேண்டவே வேண்டாம், நீங்கள் சின்னதாக இருக்கும்போதே கண்டுபிடித்துச் சரி செய்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள். துறைமுகத்து அண்ணன் ஒருவர் கண்டெய்னர் நம்பரில் ஒரு எழுத்து மாறியிருந்ததைக் கேட்டிலேயே பிடித்த கதையைச் சொல்லி வேலை வாங்கினார். அவர் வாயில் ஸ்டிட்ச் என்ற வார்த்தையே வரவில்லை.

எல்லாம் கெட்டுப்போனதுக்கு அப்புறம் இதைச் சொல்லலாமா?

சொல்கிறார்கள், ஆனால் அது குத்தல். "அப்பவே சொன்னேன்ல" என்பதன் ஆங்கில வடிவம் ஆகிவிடும். நகையை அடகு வைத்து, ஒரு மாச வட்டியை விட்டு, அதைக் கட்ட மீட்டர் வட்டிக்கு வாங்கி, இப்போது இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டிருப்பவரிடம் போய் "எ ஸ்டிட்ச் இன் டைம்" என்றால் அடி விழும், விழ வேண்டியதுதான். நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும்போது மட்டும் பிரச்சனை இல்லை, சேற்றில் சாவி பொறுக்கிக்கொண்டு நான் சொல்லிக்கொண்ட மாதிரி.

கெட்டுப்போன பிறகும் செய்வது நல்லதுதான் என்று ஆறுதலாகச் சொல்ல 'பெட்டர் லேட் தேன் நெவர்' இருக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் போடாதீர்கள், ஒன்றையொன்று கடித்துக்கொள்ளும்.

அப்போ 'பதறாத காரியம் சிதறாது'ன்றது இன்னா மிஸ்? ஒண்ணு சீக்கிரம் செய்ங்குது, ஒண்ணு பொறுங்குது.

நல்ல கேள்வி, இதைக் கேட்டவருக்கு அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். தையல் பழமொழி அவசரப்படச் சொல்லவில்லை. 'இன் டைம்' என்பதை 'சீக்கிரம்' என்று மாற்றிப் படிப்பதால் வரும் சண்டை இது. ஊசியைப் பதறிக் குத்தினால் விரலில்தான் குத்தும். தள்ளிப்போடாதே என்பது ஒன்று, பதறாதே என்பது இன்னொன்று. இன்றைக்கே உட்கார், உட்கார்ந்தபின் நிதானமாகப் போடு என்று இரண்டையும் சேர்த்தே செய்யலாம்.

இதன் எதிர் ஆள் என்று 'இஃப் இட் எய்ன்ட் ப்ரோக், டோன்ட் ஃபிக்ஸ் இட்' என்பதையும் சொல்வார்கள். உடையாததைச் சரி பண்ணாதே. அமெரிக்க அதிபர் கார்ட்டரின் பட்ஜெட் அதிகாரி பெர்ட் லான்ஸ் 1977-ல் சொல்லிப் பிரபலமாக்கிய வரி. கவனித்தால் அதுவும் நம் பக்கம்தான், ஏனென்றால் நமக்கும் ஒரு கிழிசல் இருந்தால்தான் ஊசி. நல்லாயிருக்கிற சட்டையைப் பிரித்துத் தைக்கச் சொல்லி எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. (சில அம்மாக்கள் பிள்ளை ஒரு மார்க் குறைந்தாலே இரண்டு டியூஷன் சேர்க்கிறார்கள், கேட்டால் ஸ்டிட்ச் இன் டைம் என்கிறார்கள். முதலில் கிழிந்திருக்கிறதா என்று பாருங்கள்.)

'இட்ஸ் ஹை டைம்'னு சொன்னா?

இன்னும் செய்யாமல் இருக்கிறாயே, எப்போதோ செய்திருக்க வேண்டும் என்ற எரிச்சல் அது. பின்னால் இறந்தகாலம் வரும்: "இட்ஸ் ஹை டைம் யூ ரிப்பேர்ட் தட் டேப்". நடக்க வேண்டியது இனிமேல்தான், ஆனாலும் வினை இறந்தகாலத்தில். ஏன் என்று கேட்காதீர்கள், அப்படியே பழகுங்கள்.

'இன் ஸ்டிட்சஸ்'னா தையல்ல மாட்டிக்கினு இருக்கறதா?

வயிறு வலிக்கச் சிரிப்பது. ஓடும்போது விலாவில் ஊசி குத்துவது போல் ஒரு வலி வருமே, அதற்கும் ஆங்கிலத்தில் ஸ்டிட்ச் என்று பெயர். வியாசர்பாடியில் ஃபுட்பால் ஆடுகிற பையன்களுக்கு உடனே புரியும். அடக்க முடியாமல் சிரித்தாலும் அந்த இடத்தில்தான் பிடித்துக்கொள்ளும். இதற்கும் ஒன்பதுக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடுவதும் ஸ்டிட்ச்தான், ஆனால் அந்தத் தையலைப் போடுகிற டாக்டரிடம் இந்தப் பழமொழியைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்காதீர்கள், தினமும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். எந்த நாலு பேர் என்று கேட்காதீர்கள்.

மிஸ், உங்க அத்தைகிட்ட ஒரு தையல் போட எவ்ளோ?

ஆங்கிலக் கேள்வி இல்லை, இருந்தாலும் வாரா வாரம் வருகிறது. வகுப்புக்கு வரும்போது போட்டிருக்கிற துணியில் விட்டிருந்தால் காசு வாங்க மாட்டார், நின்றபடியே போட்டுக் கொடுப்பார். பையில் சுருட்டிக் கொண்டுவரும் பழைய ஆல்ட்ரேஷனுக்கெல்லாம் உண்டு. தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் எதுவும் எடுக்க மாட்டார், ஜிப் மாற்றுவதை எப்போதுமே எடுக்க மாட்டார்.